அப்பாவோட அறுபது மார்க்

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து வலது பக்கம் கையும் காலும் விழுந்துபோச்சு. டிஸ்சார்ஜ் அன்னிக்கு ஃபைல்ல பார்தெல் ஸ்கோர், அதாவது அன்றாட வேலைகளை எவ்வளவு தானா செய்யறார்னு போடுற மார்க், 35ன்னு எழுதியிருந்தாங்க, மூணு மாசம் கழிச்சு பார்த்தா 60. ஃபோன் பண்ற சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் நூத்துக்கு அறுபதுன்னு சந்தோஷமா சொல்லிட்டு இருந்தேன்.

அப்புறம் தான் ஃபிசியோ பொண்ணுகிட்ட கேட்டு அந்த ஷீட்டை முழுசா வாங்கிப் பார்த்தேன். 1965ல அமெரிக்காவுல மஹோனின்னு ஒரு டாக்டரும் பார்தெல்னு ஒரு ஃபிசியோதெரபிஸ்டும் சேர்ந்து வெளியிட்டது. சாப்பாடு, குளியல், துணி மாத்துறது, யூரின், மோஷன், நடை, மாடிப்படின்னு மொத்தம் பத்து விஷயம், எல்லாமே அஞ்சு அஞ்சா தான் ஏறும். குளியலுக்கு மொத்தமே 5, நடைக்கு 15. அப்பாவுக்கு குளியல் 0, மாடிப்படி 0, சாப்பாடு மட்டும் 10க்கு 10.

அந்தப் பத்து தான் எனக்கு உறுத்துச்சு. ஏன்னா அப்பா அப்போ பீச்சாங்கையில ஸ்பூன் பிடிச்சு சாப்பிட்டுட்டு இருந்தார், யாராவது வீட்டுக்கு வந்துட்டா பசிக்கலன்னு சொல்லி தட்டையே தொட மாட்டார். யாரும் ஊட்டல, தானா சாப்பிடுறார், அதனால ஷீட்டு கணக்குல முழு மார்க், அது தப்பும் இல்ல. வெட்டிக் குடுக்கணுமா வெண்ணெய் தடவிக் குடுக்கணுமான்னு அதுல கேட்டிருக்கு, சோத்தைப் பிசையிறதைப் பத்தி ஒண்ணும் இல்ல. அடுத்த மாசம் ஒரு நாள் மத்தியானம் குழைஞ்ச தயிர் சாதத்துல மெதுவா வலது கையை வெச்சார், கட்டை விரல் சரியா மடங்கல, பாதி சாதம் மடியில சிந்துச்சு, ஆனா ஒரு வாய் உள்ள போச்சு. அம்மா அடுப்படிக்குள்ள போயி அழுதாங்க. அந்த மாச ஸ்கோரும் அதே 60 தான்.

அதுக்கடுத்த மாசம் 65 ஆச்சு. அந்த அஞ்சு யூரின்ல ஏறினது, ராத்திரி பெட் நனையிறது நின்னுபோச்சு. மாசக்கணக்கா சேர்ந்தாப்ல ரெண்டு மணி நேரம் தூங்காத அம்மா அன்னிலேர்ந்து தான் தூங்குறாங்க. துணி மாத்துறதுல வர்ற அஞ்சும் இந்த அஞ்சும் பேப்பர்ல ஒண்ணு, எங்க வீட்டுல ஒண்ணே இல்ல.

பக்கத்து பெட்டுல இருந்தவர் நல்லா நடப்பார், குளிப்பார், ஆனா பொண்டாட்டி பேரைச் சொல்லி கூப்பிட வராது. பேச்சுக்கு பார்தெல்ல வரியே கிடையாது. ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் ஒருத்தர் எவ்வளவு முடங்கியிருக்கார்னு டாக்டர்கள் சொல்ற மாடிஃபைடு ரேங்கின் ஸ்கேல் இன்னும் சுருக்கம், 0லேர்ந்து 6 வரைக்கும் ஒரே ஒரு நம்பர், 6ன்னா இறந்துட்டாங்கன்னு அர்த்தம். ஸ்ட்ரோக் மருந்து ஆராய்ச்சியில நிறைய தடவை 90ஆவது நாள் அதைத்தான் பார்க்கிறாங்க, ஆயிரம் பேரை ஒப்பிட அது வேணும் தான், எனக்குப் புரியுது. ஆனா வீட்டுல ஒருத்தரை வெச்சுப் பார்த்துக்கிறவங்க மொத்தத்தை மட்டும் கேட்டுட்டு வந்துடாதீங்க, ஷீட்டை ஒரு ஃபோட்டோ எடுத்துக்கோங்க, எந்த வரியில ஏறுச்சு எதுல நிக்குதுன்னு கேளுங்க, ஷீட்டுல இல்லாத விஷயத்தையும் வாய்விட்டு சொல்லுங்க. தயிர் சாதம் கதையை நான் சொன்னதுக்கப்புறம் தான் அந்தப் பொண்ணு விரலுக்குன்னு தனியா எக்சர்சைஸ் ஆரம்பிச்சா.

நேத்து அப்பா கைப்பிடியைப் பிடிச்சு, நல்ல காலை முதல்ல வெச்சு ரெண்டு படி ஏறினார். மாடிப்படி வரியில இன்னும் 0 தான்.