சானிடைசருக்குச் சாகாத ஸ்போர்கள்

மருத்துவமனை வாசலில் சானிடைசர் புட்டியைக் கண்டதும் நமக்கு வரும் நிம்மதி, க்ளோஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற பாக்டீரியாவைப் பொறுத்தவரை செல்லாது. ஆன்டிபயாட்டிக் மருந்துகளால் குடலின் நல்ல பாக்டீரியாக்கள் அழிந்துபோன நோயாளிகளிடம் பெருகிக் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் இது, மலத்தோடு ஸ்போர்களாக, அதாவது கடினமான உறை போர்த்திய உறக்க நிலை வடிவங்களாக, வெளியேறி, கட்டில் கம்பியிலும் கழிப்பறைக் கைப்பிடியிலும் மாதக்கணக்கில் உயிர்ப்புடன் கிடக்கும். நீர் வற்றிய உட்பகுதியும் அதைச் சுற்றிய தடித்த புரத உறைகளும் இருப்பதால் சானிடைசரில் உள்ள ஆல்கஹால் ஸ்போரைத் தொடுவதே இல்லை. சொல்லப்போனால், மல மாதிரியில் மற்ற கிருமிகளைக் கொன்று இதை மட்டும் பிரித்தெடுக்க ஆய்வகங்களில் பயன்படுத்துவதே ஆல்கஹாலைத்தான்! ஆகவே கைகளைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவ வேண்டும். சோப்பு ஸ்போரைக் கொல்வதில்லை, தண்ணீரோடு அடித்துச் செல்ல உதவுகிறது, அவ்வளவே.

தரைக்கும் கட்டிலுக்கும் குளோரின் கரைசல் பயன்படுகிறது. பிரிட்டனில் வழக்கமான அளவு 1000 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு குளோரின். அழுக்கு ஒட்டியிருந்தால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும் என்பதால் முதலில் தேய்த்துக் கழுவ வேண்டும். அதன்பின் பூசிய கரைசல், தயாரிப்பாளர் குறிப்பிட்ட நிமிடங்கள் முழுவதும் ஈரமாகவே இருக்க வேண்டும். அடுத்த நோயாளி வெளியே காத்திருக்கும்போது அந்த நிமிடங்களே முதலில் பறிபோகின்றன என்பது என் கணிப்பு. மேலும், 2023இல் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 10,000 பிபிஎம் அளவிலும் இந்த ஸ்போர்கள் பிழைத்ததாகக் காட்டினார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவியும் புற ஊதாக் கதிர்க் கருவிகளும் உதவுகின்றன என்றாலும், அவற்றுக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். கதிர் நிழல்பட்ட மூலைகளை எட்டாது. கைகளால் தேய்த்துத் துடைக்காத அறையில் இந்த விலையுயர்ந்த கருவிகளை இயக்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

தனி அறை கிடைக்கிறதா என்பதும் இரசாயனத்துக்கு இணையாக முக்கியமானது. இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் 2003க்கும் 2005க்கும் இடையே இருமுறை இந்தத் தொற்று பரவி, 300க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள், 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நோயாளிகளைத் தனிமைப்படுத்துமாறு தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழு கேட்டும், நிர்வாகம் அரசு விதித்த இலக்குகளையும் செலவுக் கணக்கையுமே முன்னிறுத்தியது என்று 2006இல் வெளியான விசாரணை அறிக்கை கூறியது.