ஓ(1) என்றால் எப்போதும் ஓ(1) தானா?

மார்ச் 4, செவ்வாய்

ஓ(1) என்றால், பட்டியல் எவ்வளவு நீண்டாலும் ஆகும் நேரம் கூடாது. ஓ(என்) என்றால், பட்டியல் நீள நீள நேரமும் அதே அளவில் கூடும். அலுவலகத்தில் பைத்தான் என்ற நிரல் மொழியில் ஒரு ஸ்கிரிப்ட். காத்திருக்கும் வேலைகளை லிஸ்ட்டில் போட்டு, பாப்(0) கொடுத்து முன்னாலிருந்து ஒவ்வொன்றாக எடுக்கிறது. ஆயிரம் வேலை வரை பறக்கும். லட்சம் வந்தால் இழுக்கும். முதல் வேலையை உருவியதும் பின்னால் இருக்கிற அத்தனை பாயிண்டரும் (பொருள் எங்கே இருக்கிறது என்று காட்டும் முகவரி) ஒரு இடம் முன்னே நகர வேண்டுமே. லட்சத்தையும் எடுத்து முடிப்பதற்குள் மொத்தம் 500 கோடி நகர்வு. டெக்குக்கு (இரு முனையிலும் சட்டென்று சேர்க்கவும் எடுக்கவும் முடிகிற வரிசை) மாற்றி, முன்னாலிருந்து எடுக்கும் பாப்லெஃப்ட் போட்டதும் சரியாகிவிட்டது. ஆனால் டெக்கில் நடுவிலிருக்கும் ஒன்றைக் கேட்டால் அது ஓ(என்). துண்டு துண்டாகத் தாண்டித்தான் போக வேண்டும்.

மார்ச் 5, புதன்

புதிதாகச் சேர்ந்த தம்பி கேட்டான்: "லிஸ்ட்டோட கடைசியில ஒண்ணைச் சேர்க்கிற அப்பெண்ட் ஓ(1)-ங்கறாங்க. இடம் தீர்ந்துபோனா எல்லாத்தையும் காப்பி பண்ணணுமே அண்ணா?"

நல்ல கேள்வி. வாயால் சொல்வதைவிட அளந்து பார்த்துவிடலாம் என்று, ஒவ்வொரு அப்பெண்டுக்குப் பிறகும் லிஸ்ட்டின் அளவை அச்சிட்டோம். காலி லிஸ்ட் 56 பைட். ஒன்று சேர்த்ததும் 88. இரண்டாவது, மூன்றாவது, நான்காவதுக்கு அதே 88. ஐந்தாவதில் 120, ஒன்பதாவதில் 184, பதினேழாவதில் 248. கேட்டதைவிடக் கொஞ்சம் கூடவே வாங்கி வைத்துக்கொள்கிறது. லிஸ்ட் வளர வளர அந்தக் கூடுதலும் வளர்கிறது, ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு. சூட்சுமம் அங்கேதான். ஒவ்வொரு முறையும் நான்கே நான்கு இடம் வாங்கினால், மொத்தக் கணக்கு என்-ஸ்கொயரில் (எண்ணிக்கையின் வர்க்கத்தில்) போய் நிற்கும். பங்குக் கணக்கில் வாங்குவதால் காப்பிச் செலவு எல்லா அப்பெண்டுக்கும் பிரிந்து, தலைக்கு ஒரு மாறிலி.

அப்புறம் இன்னொன்றும் சொன்னேன். இது சராசரிக் கணக்கு. மாட்டிக்கொள்கிற அந்த ஒரு அப்பெண்ட் ஓ(என்) தான். மில்லிசெகண்ட் பார்த்து வேலை செய்கிற நிரலில் அது உறுத்தும்.

மார்ச் 7, வெள்ளி

வரிசைப்படுத்திய லிஸ்ட்டில் பைசெக்ட் (பாதி பாதியாகக் குறைத்து இடம் தேடுவது) கொண்டு செருகினால் "லாக் என்" என்கிறார்கள். இடத்தைத் தேடுவதுதான் லாக் என்; எண்ணிக்கை இரட்டிப்பானாலும் ஒரு படிதான் கூடும். செருகும்போது மறுபடியும் அதே நகர்த்தல்.

மார்ச் 10, திங்கள்

இன்று ஹேஷ்: சாவியிலிருந்து ஒரு எண்ணைக் கணக்கிட்டு, அது காட்டும் பெட்டிக்கு நேரே போய்விடுவது. இப்படி வேலை செய்யும் செட்டில் தேடுவது சராசரியாக ஓ(1), மோசமானால் ஓ(என்). அந்த "மோசமானால்" என்பதை யாரும் கண்டுகொள்வதில்லை. 2011 டிசம்பரில் பெர்லினில் நடந்த ஹேக்கர் மாநாட்டில் இதையே ஆயுதமாக்கிக் காட்டினார்கள்: ஒரே ஹேஷ் வருகிற சாவிகளாகப் பார்த்து அனுப்பினால் வெப் சர்வர் திணறும். அதற்குப் பிறகுதான் பைத்தான் 3.3-இல் சரங்களின் (எழுத்துத் தொடர்களின்) ஹேஷ் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மாறத் தொடங்கியது. ஜாவா 8 வேறு வழியில் போனது. ஒரு பெட்டியில் நெரிசல் கூடினால் அதை மரமாக்கிவிடும் (கிளை கிளையாகப் பிரித்துத் தேடும் அமைப்பு). மோசமானாலும் பெரும்பாலும் லாக் என்.

பைத்தானில் முழு எண்களுக்கு அந்த மாற்றம் கிடையாது. 64-பிட் கணினியில் 2-இன் 61-ஆம் அடுக்கின் மதிப்பிலிருந்து ஒன்றைக் குறைத்து, அதன் மடங்குகளை எடுத்தால் எல்லாவற்றுக்கும் ஹேஷ் பூஜ்ஜியம். சொன்னதுதான் தாமதம், தம்பி அப்படி ஒரு லட்சம் எண்ணை செட்டில் போட ஓடவிட்டு, காபி குடித்துவிட்டு வந்து, கடைசியில் கன்ட்ரோல்-சி அடித்து நிறுத்தினான்.