கல் கொத்தித் தருவீங்களா?

இன்று காலை, எந்தத் தேடலுக்கு நம் தளம் கூகுளில் வருகிறது என்று காட்டும் சர்ச் கன்சோலைத் திறந்ததும் ஒரு வரியில் கண் நின்றுவிட்டது.

"கிரைண்டர் கல் கொத்துற இடம் கோவை."

இம்ப்ரெஷன், அதாவது தேடல் முடிவில் தளம் தென்பட்டது, 212 முறை. கிளிக் 0.

கிரைண்டர் விற்கும் ஒரு கடையின் தளம் அது. மூன்று மாதமாக நான் புது மாடல், விலை, தள்ளுபடி என்றே எழுதிக்கொண்டிருந்தேன். கல் தேய்ந்து, மாவு நைசாக அரைபடாமல் தவித்தவர்கள் தேடியது வேறு.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். "கல் கொத்தித் தருவீங்களாண்ணா?"

"முப்பது வருசமா பண்றோம் தம்பி. அதையெல்லாமா நெட்ல தேடுறாங்க?"

மதியத்துக்குள் தனிப் பக்கம் தயார். என்ன செலவு, எத்தனை நாள் ஆகும், கல்லை எப்படிக் கழற்றிக் கொண்டுவர வேண்டும், எல்லாம் அவர் சொன்ன வார்த்தையிலேயே.

தேடலில் தளங்களை முன்னே கொண்டுவரும் இந்த எஸ்.இ.ஓ. வேலைக்கு வர எந்தக் கோர்ஸ் சேரலாம் என்று தம்பி, தங்கைகள் அடிக்கடி கேட்கிறார்கள். கூகுளின் தொடக்கநிலை வழிகாட்டி இலவசம். சர்ச் கன்சோலும் இலவசம். சொந்தமாக ஒரு சின்னத் தளம் தொடங்குங்கள், அப்புறம் அந்தத் தேடல் வரிகளைத் தினமும் படியுங்கள். 2011இல் பாண்டா, 2012இல் பெங்குவின் என்று கூகுள் தன் தேடல் முறையில் அடுத்தடுத்து மாற்றங்களைக் கொண்டுவந்தபோது, சரக்கில்லாத பக்கங்களையும் பிற தளங்களிலிருந்து காசுக்கு வாங்கிய இணைப்புகளையும் நம்பியிருந்த தளங்கள் சரிந்தன. மக்கள் என்ன வார்த்தையில் கேட்கிறார்கள் என்று கவனிக்கப் பழகியவர்களுக்கு அன்றும் வேலை இருந்தது.

புதுப் பக்கம் இன்னும் கூகுளில் ஏறவில்லை. இன்டெக்ஸ் செய்யக் கோரிக்கை கொடுத்திருக்கிறேன். நாளைக் காலை முதல் வேலையாக அதைத்தான் பார்ப்பேன்.