மூன்று மாதப் பவுடரும் மூன்று மீட்டர் குழாயும்

கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் மூடும் என்று குதிரையைச் சொல்வார்கள். கொள்ளுக்கும் வாயை மூட ஆரம்பித்துவிட்டால் வயிற்றைச் சந்தேகப்பட வேண்டும். எங்கள் லாயத்தில் 9 வயது மார்வாரி இனக் குதிரை ஒன்று ஓட்ஸையும் கொள்ளையும் பாதியில் விட்டுவிட்டு வைக்கோலைத் தேடிப் போனது. வயிற்றுப்பட்டையை இறுக்கினால் திரும்பிக் கடிக்க வந்தது. பல்லை நறநறவென்று கடித்தது. பூச்சி மருந்து கொடுத்தாயிற்று, பலன் இல்லை. அடுத்து, கேட்டவர்கள் எல்லாம் கைகாட்டிய 'வயிற்றுப் பவுடர்'. அதிலேயே மூன்று மாதம் போயிற்று.

டப்பாவின் பின்பக்கத்தை முதல் நாளே படித்திருக்க வேண்டும். அலுமினியம் ஹைட்ராக்சைடு, மெக்னீசியம், கால்சியம் கார்பனேட். நாம் நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கிற ஜெலூசில் வகையறாதான். தின்றாலும் தின்னாவிட்டாலும் குதிரைக்கு இரவு பகலாக அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். இந்தப் பவுடர் அமிலத்தை அடக்கி வைப்பது ஏறக்குறைய 2 மணி நேரம். நாளுக்கு இரண்டு வேளை கொடுத்தால் 4 மணி நேரக் காப்பு, மீதி 20 மணி நேரம் காப்பே இல்லை. குதிரை கொஞ்சம் சாந்தமாகத் தெரிந்ததால் நாங்களும் ஏமாந்தோம். வயிற்றுக்குள் புண் இருந்த இடத்திலேயே இருந்தது.

ரத்தப் பரிசோதனையில் இது தெரியாது. குழாய் விட்டுத்தான் பார்க்க வேண்டும். "எண்டோஸ்கோப்பி இருக்கு, கூட்டிட்டு வாங்க" என்றார் போனை எடுத்தவர். இரவெல்லாம் பட்டினி போட்டு, லாரி பிடித்து, ஏற்றி இறக்கிய பிறகு தெரிந்தது: அங்கே இருந்தது நாய்களுக்குப் பார்க்கும் ஒரு மீட்டர் குழாய். குதிரையின் மூக்கில் நுழைந்து இரைப்பையின் அடிவரை போக 3 மீட்டர் வேண்டும். போன் பண்ணும்போது "இருக்கா" என்று கேட்காதீர்கள், "எத்தனை மீட்டர்" என்று கேளுங்கள். புண்ணுள்ள குதிரைக்கு வீண் பட்டினியும் லாரிப் பயணமும் இன்னும் கொஞ்சம் புண்தான்.

இரண்டாவது பயணமும் பாதி வீண். தீவனம் 16 மணி நேரம் நிறுத்தியிருந்தோம், தண்ணீர் கடைசி 4 மணி நேரம். கீழே விரித்திருந்த வைக்கோலை மறந்துவிட்டோம். இரவோடு இரவாக அதைத் தின்று தீர்த்திருக்கிறது. இரைப்பையின் மேல்பாதி தெரிந்தது, கீழ்ப்பாதி வைக்கோலுக்கு அடியில். படுக்கையை மொத்தமாக வாரிவிட்டு வாய்க்கூடை கட்டுங்கள். பசித்த குதிரை சாணியைக்கூடத் தின்னும்.

மூன்றாம் முறை மயக்க ஊசி போட்டுக் கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. மேல்பாதியில், இரண்டு பாதியும் சேரும் கோட்டை ஒட்டி மூன்றாம் நிலைப் புண். 0 முதல் 4 வரைதான் கணக்கு. குடல் பக்கத்து வாசலில் சிவந்து தடித்த திட்டுகள். ஒரே வயிறு, இரண்டு நோய். மேல்பாதிக்குச் சளிக் காப்பு கிடையாது, அமிலம் பட்டாலே வெந்துபோகும். கீழ்ப்பாதியில் காப்பு உண்டு, ஏதோ காரணத்தால் அது கெடும்போதுதான் புண். அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஒமிப்ரசோல் மருந்துக்கு மேல்பாதி நன்றாகவே கேட்கும். கீழ்ப்பாதிக்கு அது மட்டும் போதாது. இதனால்தான் கீழ்ப்பாதியையும் பார்க்காமல் விடக் கூடாது.

மருந்துக்கு முன் எடை. எடைமேடை இல்லாவிட்டால் டேப் போதும்: முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவு, தோள் முனையிலிருந்து பிட்ட முனைவரை நீளம், இரண்டும் சென்டிமீட்டரில். சுற்றளவு × சுற்றளவு × நீளம் ÷ 11,880. எங்களுக்கு 165, 172 வந்தது. கணக்கு 394 கிலோ, 400 என்று வைத்துக்கொண்டோம்.

ஒமிப்ரசோல் கிலோவுக்கு 4 மி.கி., நாளுக்கு ஒரு வேளை, 28 நாள். அதாவது 1,600 மி.கி. மனிதர்களுக்கான 20 மி.கி. கேப்சூலில் கணக்குப் போட்டால் 80 வரும். "பிரிச்சுப் பொடி பண்ணிக் கொடுங்க" என்று மெடிக்கல்ஸில் யோசனை சொன்னார்கள். அந்தத் தவறைச் செய்யாதீர்கள். உள்ளே இருக்கும் குருணைகளின் மேல்பூச்சுதான் மருந்தை அமிலத்திடமிருந்து காக்கிறது. பொடித்தால் வயிற்று அமிலமே மருந்தை அழித்துவிடும். குதிரை மென்றாலும் அதே கதை. குதிரைக்கென்று வரும் பேஸ்ட்தான் வாங்கினோம்.

அதையும் வெறும் வயிற்றில், தீவனத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு கொடுக்க வேண்டும். சைஸ் (குதிரை பராமரிப்பவர்) அண்ணன் பாசத்தில் விடியற்காலையிலேயே ஒரு கட்டுப் புல்லைப் போட்டுவிடுவார், பேஸ்ட் அதற்குப் பிறகு போகும். முதல் வாரம் இப்படியே ஓடியிருக்கிறது. தீவன நேரத்தைச் சுவரில் சாக்பீஸால் எழுதிய பிறகுதான் சரியானது. வாயில் புல் உருண்டை இருந்தால் பேஸ்டும் அதோடு தரைக்கு வந்துவிடும். வாயைக் கழுவி, நாக்கின் பின்பகுதியில் வைத்து, விழுங்கும்வரை தலையைத் தூக்கிப் பிடியுங்கள்.

கீழ்ப்பாதிக்கு, புண்ணின் மேல் படிந்து காக்கும் சுக்ரால்ஃபேட், கிலோவுக்கு 12 மி.கி., இரண்டு வேளை. 1 கிராம் மாத்திரை ஐந்து. தண்ணீரில் போட்டால் தானே கரைந்து கூழாகும், சிரிஞ்சில் ஏற்றிவிடலாம். காலை வேளையை பேஸ்டுக்கு ஒரு மணி நேரம் கழித்துக் கொடுங்கள். கால் வலிக்கு ஃபினைல்பியூட்டசோன் என்ற வலி மருந்து ஓடிக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் அதை மறைக்காதீர்கள், புண்ணுக்கு அதுவும் உறவுக்காரன்.

தடுப்பு என்று வந்தால் தீவனம்தான். உலர்ந்த எடையில் உடல் எடைக்கு 1.5 சதவீதம் நார்த்தீவனம் வேண்டும், 400 கிலோவுக்கு 6 கிலோ. பச்சைப்புல்லை அப்படியே தராசில் வைத்துக் கணக்குப் போட்டதுதான் எங்கள் பழைய தவறு. பச்சையில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர், 10 கிலோ போட்டால் உள்ளே போவது 2 கிலோ. வெறும் வைக்கோலில் வயிற்றை நிரப்புவதும் ஆகாது. மாவுச்சத்து ஒரு வேளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராமுக்குள். ஓட்ஸ் என்றால் வேளைக்கு ஒரு கிலோவோடு நிறுத்த வேண்டும், மக்காச்சோளம் என்றால் அரைக் கிலோவே எல்லை.

பவுடருக்குப் பதில் இப்போது கொடுப்பது குதிரைமசால் என்ற தீவனப் பயிர். பெயரிலேயே குதிரையை வைத்துக்கொண்டு கோயம்புத்தூர்ப் பக்கமெல்லாம் விளைகிறது, நாங்கள் டப்பாவைத் தேடி அலைந்தோம். அதிலுள்ள கால்சியமும் புரதமும் அமிலத்தைத் தணிக்கும். காயவைத்து நறுக்கி, சேணம் பூட்ட அரை மணி நேரம் முன்பு ஒரு கிலோ. வெறும் வயிற்றோடு ஓட்டினால் அடியில் கிடக்கும் அமிலம் மேல்பாதியில் தெறிக்கும். மக்காச்சோள எண்ணெய் நாளுக்கு 45 மில்லி கொடுத்தபோது போனிகளில் அமிலச் சுரப்பு குறைந்ததாக ஆய்வு உண்டு. புண்ணைத் தடுக்கும் என்று நம்பி வாங்காதீர்கள்.

28ஆம் நாள் மறுபடி குழாய். மேல்பாதி சுத்தம், கீழே இன்னும் சிவப்பு. ஒமிப்ரசோலைச் சட்டென்று நிறுத்தினால் அமிலம் முன்பைவிட வேகமாகச் சுரக்கும், அதனால் பிறகு படிப்படியாகக் குறைக்கப்போகிறோம். இன்னும் தீராதது இரவுதான். மாலை 6 மணிக்குப் போடும் புல் 9 மணிக்கே காலி, காலை 6 வரை மெல்ல ஒன்றும் இல்லை. மென்றால்தான் எச்சில் ஊறும், எச்சில்தான் அமிலத்துக்கு மாற்று. சின்னக் கண்ணி வலைப்பையில் போட்டதில் 11 மணிவரை இழுக்கிறது. இந்த வாரம் ஒரு பைக்குள் இன்னொரு பை போட்டுப் பார்க்கிறோம்.