தண்ணி லாரி வராத நேரம் பார்த்து ஒரு சிகிச்சை

என் மகளுக்கு உடம்பில் ஒரு சிராய்ப்புதான், அதுவும் முழங்கையில். பிரச்சினையே அங்கேதான் ஆரம்பித்தது.

போன ஜூன் மாதம் டியூஷன் முடிந்து சித்தப்பாவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். தண்ணி லாரி ஒன்று இடித்தது. கொழுந்தனாருக்குக் காலில் கம்பி வைத்து மூன்று மாதம் படுக்கை. இவள் ரோட்டோரம் மண்ணில் விழுந்ததால் தப்பித்தாள். ஆம்புலன்ஸ் வரும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளாம். ஆஸ்பத்திரிக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் அவரைப் பார்த்துவிட்டு, இவள் தலையைத் தடவி, "நல்லவேளை, உனக்கு ஒண்ணும் ஆகலை" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நாங்களும் அப்படித்தான் நம்பினோம்.

நாங்கள் இருப்பது மடிப்பாக்கத்தில். போர் தண்ணி உப்பு என்பதால் அபார்ட்மெண்டுக்கு வாரம் நாலு லாரி வாங்குகிறோம். லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு சத்தம் வருமே, அது கேட்டாலே பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தாள். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்திருப்பாள். பத்தாம் வகுப்புப் பெண், புத்தகத்தைத் திறந்தால் அரை மணி நேரம் ஒரே பக்கம். மாமியார் சுற்றிப் போட்டார், தர்காவில் மந்திரித்துக் கயிறு வாங்கிவந்து கட்டினார். நான் தடுக்கவில்லை. அவருக்குத் தெரிந்த மருந்து அது.

ஒரு நாள் நடுராத்திரி எனக்கே தாங்க முடியாமல் 14416-க்குக் கூப்பிட்டேன். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசலாம். மறுமுனையில் இருந்தவர் முதலில் என்னைத்தான் ஆசுவாசப்படுத்தினார். விபத்துக்குப் பிறகு முதல் சில வாரம் இப்படி இருப்பது பலருக்கும் உண்டு, ஒரு மாதம் தாண்டியும் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பார்த்தே ஆகவேண்டும் என்றார். அன்றைக்கு முப்பத்தெட்டாவது நாள்.

அடையாறில் ஒரு டாக்டரிடம் நேரம் வாங்கினேன். இங்கேதான் என் முதல் முட்டாள்தனம். ரோட்டில் அடிபட்ட பெண்ணை, அந்தப் பயத்துக்கு வைத்தியம் பார்க்க, ரோடு வழியாகவே கூட்டிக்கொண்டு போகிறேன் என்பது மண்டையில் உறைக்கவே இல்லை. கைவேலி சிக்னலில் ஆட்டோ நின்றது. பக்கத்தில் லாரி. அவ்வளவுதான், இறங்கிவிட்டாள். ஆட்டோக்காரருக்குக் காசு கொடுத்துவிட்டு நான் திரும்பிப் பார்ப்பதற்குள் பிளாட்பாரத்தில் வாந்தி. ஜூலை வெயிலில் இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தோம். முன்பணம் 800 ரூபாய் திரும்பி வரவில்லை. ஆன்லைன்தான் வழி என்று முடிவானது அந்த நடையில்தான்.

அப்புறம் நடந்ததை நினைத்தால் இன்னும் எரிகிறது. ஒரு ஆப். "உங்களுக்கு 18 வயது நிரம்பிவிட்டதா?" என்று கேட்டது. இல்லை என்று போட்டால் அடுத்த பக்கமே திறக்கவில்லை. என் பெயரில் கணக்கு திறந்து மகளை உட்கார வைத்தேன். தப்பு. அது எனக்கான ஆப், அவளுக்கானது இல்லை என்று அந்தக் கேள்வியிலேயே புரிந்திருக்க வேண்டும். வந்தவர் பெயருக்குக் கீழே 'கவுன்சிலர்' என்று போட்டிருந்தது. அறிமுகம் முடிந்த கையோடு, "என்ன நடந்துச்சுன்னு ஒண்ணு விடாம சொல்லும்மா" என்றார். இவளும் சொன்னாள், லாரிச் சக்கரத்திலிருந்து ரத்தம் வரைக்கும். நாற்பது நிமிடம். பிறகு, "நீ ஸ்ட்ராங்கான பொண்ணு, பாசிட்டிவா யோசி" என்றார். அவள் அழுதுகொண்டிருக்கும்போதே நேரம் முடிந்து திரை அணைந்தது. அடுத்த நிமிடம் என் போனில் ஒரு மெசேஜ்: எத்தனை ஸ்டார் கொடுப்பீர்கள்? மூன்று ராத்திரி அவள் கண் மூடவில்லை. இனிமேல் எந்த ஸ்கிரீன் முன்னாலும் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

நடந்ததை எல்லாம் ஒரே மூச்சில் கொட்டவைப்பது இதற்கு வைத்தியமே இல்லை என்று பின்னால்தான் தெரிந்தது. எந்த நோய்க்கு என்ன வைத்தியம் என்று டாக்டர்களுக்கு வழிகாட்டும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலே அதைச் செய்யாதீர்கள் என்கிறதாம். இதைச் சொன்னவர் பிற்பாடு எங்களுக்குக் கிடைத்த உளவியலாளர். அவர் சொல்லிக்கொடுத்த இன்னொன்றை எல்லாரும் குறித்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் யார் வேண்டுமானாலும் கவுன்சிலர் என்று போர்டு போட்டுக்கொள்ளலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு எண் இருக்க வேண்டும். பணம் கட்டும் முன் எண்ணைக் கேளுங்கள், ஆர்.சி.ஐ. இணையதளத்தில் தேடிப் பாருங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிறவரிடம் போகவே வேண்டாம்.

அதற்கு முன் மனநல மருத்துவர். அதிலும் ஒரு சறுக்கல். வீடியோவில் பார்க்கிறேன் என்று ஒரு டாக்டர் ஒத்துக்கொண்டார். மகள் தனியாகப் பேசிக்கொள்கிறேன் என்றாள், நான் ஆபீஸ் போய்விட்டேன். டாக்டர் அவள் வயதைக் கேட்டார், பெரியவர் யார் கூட இருக்கிறார் என்று கேட்டார். மாமியார் கோயிலில். அன்றைய நேரம் வீண். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்படி, மைனர் என்றால் பெரியவர் ஒருவர் கூட இருக்கவேண்டும், அவர் யார் என்பதையும் டாக்டர் உறுதி செய்யவேண்டும். மறுநாள் லீவு போட்டுவிட்டு ஆதாரும் கையுமாக உட்கார்ந்தேன். முதல் பத்து நிமிடம் நானும் இருந்தேன், பிறகு அவரே என்னை வெளியே அனுப்பினார். பேசி முடித்து பி.டி.எஸ்.டி. என்றார், அதாவது பயங்கரமான ஒரு சம்பவத்துக்குப் பிறகு மனதை விட்டுப் போகாத பாதிப்பு. தூக்க மாத்திரை கிடைக்குமா என்று கேட்டதற்கு, இந்த வயதில் இதற்கு முதல் வைத்தியம் மாத்திரை இல்லை, இதற்கென்றே இருக்கிற பேச்சு சிகிச்சைதான் என்று சொல்லி உளவியலாளர் ஒருவரின் எண்ணைக் கொடுத்தார்.

இப்படித்தான் அந்த அக்கா வந்து சேர்ந்தார். நான் மேடம் என்பேன், மகளுக்கு அவர் அக்கா. டி.எஃப்.-சி.பி.டி. என்று ஒரு முறை, இப்படி அதிர்ச்சியில் இருக்கிற பிள்ளைகளுக்கான பேச்சு சிகிச்சை. அமெரிக்காவில் கோஹன், மனாரினோ, டெப்லிங்கர் என்று மூன்று பேர் சேர்ந்து உருவாக்கியது. வழக்கமாக 12 முதல் 16 அமர்வு. எங்களுக்கு 17 ஆனது. ஒன்றுக்கு 1,200 ரூபாய். விபத்தைப் பற்றி முதல் ஐந்து வாரம் அவர் வாயே திறக்கவில்லை. மூச்சு, தூக்கம், பயம் வரும்போது உடம்பு என்ன செய்கிறது, இவ்வளவுதான். 'இதுக்கா காசு?' என்று நான் உள்ளுக்குள் முணுமுணுத்தது உண்மை.

ஆன்லைன் என்றால் இடம் தேவையில்லை என்று நினைத்திருந்தேன். இடம்தான் முதலில் தேவை. எங்களுடையது இரண்டு பெட்ரூம் வீடு, ஐந்து பேர். ஒரு அறையில் மாமனார், மாமியார். இன்னொன்றில் தாழ்ப்பாள் சரியாக விழாது. மாமியார் பாசத்தில் நடுவே கதவைத் திறந்து, "பால் ஆறுது கண்ணு" என்பார். ஹாலில் டிவி. மகள் ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். பெண் ஒத்துழைக்கவில்லை என்று நான் புலம்பியபோது மேடம் கேட்டார்: "அவ பேசுறது உங்களுக்குக் கேட்குதா?" கேட்கிறதே. "அப்ப எப்படிப் பேசுவா?"

தச்சரைக் கூப்பிட்டுத் தாழ்ப்பாளை மாற்றினேன், 350 ரூபாய். மொத்தச் செலவில் இதைவிட உருப்படியான செலவு வேறு இல்லை. அறை வாசலில் மிக்ஸியைப் போட்டு இட்லிப் பொடி அரைத்த நாளும் உண்டு, வீட்டில் யாருக்கும் எதுவும் கேட்கக்கூடாது என்று. காதில் மாட்டும் ஹெட்போன், வைஃபை போனால் என் போனின் ஹாட்ஸ்பாட், எழுதிக்கொள்ள ஒரு நோட்டு. ஒவ்வொரு தடவையும் ஆரம்பத்தில் மேடம், "இப்ப எங்க உட்கார்ந்திருக்க, வீட்ல யார் இருக்காங்க?" என்று கேட்பார். சும்மா குசலம் விசாரிக்கிறார் என்று நினைத்தேன். நடுவில் அவளுக்கு ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது என்பதற்காகவாம். கேட்காத ஆளாக இருந்தால் யோசியுங்கள்.

அப்புறம் லாரி. சனிக்கிழமை பதினொரு மணி எங்கள் நேரம். மூன்றாவது வாரம் சரியாக அதே நேரத்துக்குத் தண்ணி லாரி வந்து பீம் பீம் என்று ரிவர்ஸ் எடுத்தது. மகள் லேப்டாப்பை மூடிவிட்டாள். அசோசியேஷன் செயலாளரிடம் போய்ச் சனிக்கிழமை மட்டும் லாரியை ஒரு மணிக்கு மேல் வரச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். காரணம் சொல்ல நாக்கு எழவில்லை, ஆன்லைன் தேர்வு என்று பொய் சொன்னேன். ஒரு மாதம் கழித்து மேடமே, "இனிமே லாரி வரட்டும்" என்றார். முதலில் போனில் பதிவு செய்த சத்தம், பிறகு ஜன்னல், பிறகு பால்கனி. ஒவ்வொரு படிக்கும் ஒரு வாரம், சில படிக்கு இரண்டு.

விபத்தைப் பற்றி அவள் எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டியது பதினான்காவது அமர்வில். அதில் ஒரு வரி: அன்றைக்கு, "சீக்கிரம் போங்க சித்தப்பா, பசிக்குது" என்று சொன்னது அவள்தானாம். அத்தனை மாதமும் இதைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறாள். நான் உடனே, "அப்படியெல்லாம் இல்லடி" என்று பாயக்கூடாது என்று மேடம் முன்கூட்டியே எனக்குத் தனியாக இரண்டு தடவை பாடம் எடுத்திருந்தார். பாயவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பள்ளிக் கதையைச் சொல்லாமல் விட்டால் ஆறாது. வருகைப் பதிவு குறைந்திருந்தது, மருத்துவச் சான்று கேட்டார்கள். உளவியலாளர் தருவது செல்லாது, டாக்டர் தரவேண்டும் என்றார்கள். சரி, நியாயம். டாக்டர் பி.டி.எஃப்.பில் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். ஆபீசில் இருந்த அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சீல் எங்கம்மா?" என்றார். பதிவு எண் இருக்கிறதே என்றேன். "ரப்பர் ஸ்டாம்ப் இல்லாத பேப்பர் பேப்பரே இல்லம்மா. கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில வாங்கிட்டு வாங்க." போனேன். முதல் நாள் பன்னிரண்டு மணிக்கு, ஓ.பி. சீட்டு முடிந்திருந்தது. இரண்டாம் நாள் காலையிலேயே போய் வரிசையில் நின்றேன். நான் பார்க்காத பேஷண்டுக்கு, நடந்து முடிந்த தேதிக்கு எப்படிச் சான்று தருவது என்று அங்கிருந்த டாக்டர் கேட்டார். அவர் கேட்டதிலும் தப்பில்லை. கடைசியில் எங்கள் டாக்டரின் கிளினிக்குக்கு நேரில் போய், அதே பி.டி.எஃப்.பை அச்செடுத்து, வட்ட சீல் வாங்கி வந்தேன். அதே வாசகம், அதே கையெழுத்து. அந்த அம்மா வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார். முதல் நாளே லெட்டர்பேட், சீல், பேனாக் கையெழுத்து மூன்றையும் வாங்கிவைத்துவிடுங்கள். சான்றில் நோயின் பெயரை எழுத வேண்டாம், 'சிகிச்சையில் இருக்கிறார்' என்று மட்டும் எழுதுங்கள் என்று நான் கேட்டேன், டாக்டரும் அப்படியே எழுதினார். பெண்ணுக்கு அதில் பெரிய நிம்மதி.

இன்சூரன்ஸ் பக்கம் ஒரு ரூபாய் வரவில்லை. மனநோயையும் உடல்நோய் போலவே காப்பீட்டில் சேர்க்கவேண்டும் என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறது. ஆனால் எங்கள் பாலிசி ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும், உட்கார்ந்து பேசினால் தராது. ரசீதுகளை அனுப்பும் முன் பாலிசியில் ஓ.பி. செலவு சேர்ந்திருக்கிறதா என்று பார்த்திருந்தால் கூரியர் காசாவது மிச்சம்.

பைக்கில் இன்னும் ஏறமாட்டாள். ஆட்டோவில் ஏறுகிறாள், உள்பக்கமாக உட்கார்ந்து. மாமியாரின் கயிறு இன்னும் கையில் இருக்கிறது.

போன வாரம் வாட்ச்மேன் லீவு. லாரி வந்து ஹாரன் அடித்தது, நான் அடுப்படியில். சம்ப் மூடியைத் திறக்க யாராவது போகவேண்டும். நான் கை கழுவிக்கொண்டு வருவதற்குள் கதவு திறக்கும் சத்தம். இருபது நிமிடம் கழித்து மேலே வந்தாள், கையில் டெலிவரி சீட்டு. முகம் கொஞ்சம் வெளிறித்தான் இருந்தது.

"அம்மா, 12,000 லிட்டர்னு போட்டிருக்கான். முக்கால் லாரிதான் ஊத்துனான். செயலாளர் அங்கிள்கிட்ட சொல்லு."