ஊருணிக்கரைக் குயில்

மார்ச் 11
விடிகாலை 4.40. ஊருணிக்கரை வேம்பில் குயில். அப்பச்சி முழித்துத்தான் படுத்திருந்தார்.

மார்ச் 12
பேச்சு போன அப்பச்சிக்கு இன்றும் "போ" மட்டும்தான். காபிக்கும் "போ", ஜன்னலைத் திற என்பதற்கும் "போ".

மார்ச் 15
தூக்கமில்லை. முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து குயிலையே நினைத்துக்கொண்டிருந்தேன். கூவுவது ஆண், கறுப்பு. இது என் இடம், பெண்ணே வா என்று இரண்டையும் ஒரே கூவலில் சொல்கிறது. காக்கைக் கூட்டில் பிறந்து, காக்கை ஊட்ட வளர்ந்தும் கரையப் பழகுவதில்லை. கூவல் அதன் பிறப்போடு வந்தது. குண்டுக்கரிச்சான் அப்படியில்லை, மூத்ததைக் கேட்டுத்தான் பாடப் பழகும். 1950களில் கேம்பிரிட்ஜில் தார்ப் என்பவர் சாஃபிஞ்ச் என்ற பாட்டுக்குருவியின் குஞ்சுகளைத் தம் இனத்தின் பாட்டே கேட்காமல் வளர்த்துப் பார்த்தார். பாடத்தான் செய்தன, ஆனால் அரைகுறையாக. கேட்டுப் படித்தது தொலைந்தால்? பேச்சும் கேட்டுப் படித்ததுதானே.

மார்ச் 16
சிங்கப்பூரிலிருந்து அண்ணன். போனை அப்பச்சி காதில் வைத்தேன். "போ" என்றார். அண்ணன் அழுதுவிட்டான்.

மார்ச் 19
காரைக்குடிக்குப் பேச்சுப் பயிற்சிக்குப் போய் வந்தோம். ராகம் போட்டுச் சொல்லச் சொன்னார்கள். அப்பச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார். காரில் ஒரு வார்த்தை பேசாமல் வந்தாள் ஆத்தா. வீட்டுக்கு வந்ததும், "அவுகளைப் பாடச் சொல்லலாமா? சின்னப் பிள்ளையா?" என்றாள்.

அப்பச்சிக்குப் பாதிப்பு இடப்பக்க மூளையில். கேனரிக் குருவிக்கும் பாட்டு இடப்பக்கம்தான். 1970களில் நாட்டெபாம் என்ற ஆய்வாளர் கண்டது: குரலுக்குப் போகும் இடப்பக்க நரம்பை வெட்டினால் பாட்டில் பெரும்பகுதி போய்விடும், வலப்பக்கம் வெட்டினால் கொஞ்சம்தான். ஆனால் அதே கேனரிக்குப் பாடும் பருவம் முடிந்ததும் மூளையில் பாட்டுக்கான பகுதி சுருங்கிவிடுகிறது. வசந்தத்தில் மறுபடி பெருக்கிறது, பாட்டில் புதுச் சுரங்களும் சேர்கின்றன. வளர்ந்த பறவையின் மூளையில் புது நரம்பணுக்கள் பிறப்பதை 1983இல் எழுதினார்கள். மனுஷ மூளை கேனரி மூளை இல்லை. தெரியும். தெரிந்தும் மூன்று தரம் படித்தேன்.

மார்ச் 20
மழை. வளவில் தண்ணீர். ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 24
மத்தியானம் அப்பச்சி தூங்கும்போது உதடு அசைந்தது. சத்தமில்லை. ஜீப்ரா ஃபிஞ்ச் தூங்கும்போது, பகலில் பாடுகையில் துடித்த அதே நரம்பணுக்கள் அதே வரிசையில் துடிக்குமாம். பக்கத்தில் உட்கார்ந்து விசிறினேன். எழுப்ப மனசு வரவில்லை.

மார்ச் 29
நமக்குக் குரல் மூச்சுக்குழலின் தலைமாட்டில். பறவைக்கு அடியில், குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில். பாட்டுப் பறவைகளுக்கு அங்கே இரண்டு பக்கமும் தனித்தனியே ஒலிக்கும். இரண்டு பக்கம்.

ஏப்ரல் 3
பயிற்சிக்கு வரமாட்டேன் என்கிறார். "போ, போ, போ." இந்த முறை அதற்கு அந்த அர்த்தமேதான்.

ஏப்ரல் 6
வேம்பில் காக்கை கூடு கட்டியிருக்கிறது. புள்ளி புள்ளியாய்ப் பெட்டைக்குயில் கிக்-கிக் என்று சுற்றிச் சுற்றி வருகிறது. அப்பச்சி இடக்கையால் காட்டினார். பார்த்தேன் அப்பச்சி என்றேன். இல்லை, அதைக் காட்டவில்லை, இன்னும் மேலே, கிளை நுனியில். கறுப்பு. வாயைத் திறந்தார். ஆத்தாவைக் கூப்பிட