நேர்காணலில் எஃகு: 143இலிருந்து 187க்கு

மதிப்பெண் பட்டியல் வந்து நான்கு நாள் ஆகிறது. சென்ற முறை குடிமைப் பணி ஆளுமைத் தேர்வில் 143 பெற்று, ஒன்பது மதிப்பெண்ணில் தேர்ச்சிப் பட்டியலைத் தவறவிட்டேன், இம்முறை 187. என் பட்டம் உலோகவியல் என்பதால் இரண்டு முறையும் ஏறத்தாழ ஒரே கேள்விதான் வந்தது: எஃகை மலிவாகக் கிடைக்கும் நாட்டில் வாங்கிக்கொண்டால் பாதுகாப்புக்கு என்ன குறை?

முதல் முறை, பயிற்சி மையத்தில் சொல்லிக்கொடுத்தபடி, உலக உற்பத்தியில் நமக்கு இரண்டாம் இடம், 2017ஆம் ஆண்டுத் தேசிய எஃகுக் கொள்கையின் இலக்கு 30 கோடி டன் என்று ஒப்பித்தேன். “இதில் போர்க்கப்பலுக்கு ஆவது எவ்வளவு?” என்று ஓர் உறுப்பினர் கேட்டதும் வாயடைத்துப் போனேன். கட்டுமானக் கம்பி எத்தனை டன் குவிந்தாலும் அது கப்பல் தகடாகாது என்பது நான்கு ஆண்டுகள் உலோகவியல் படித்த எனக்கு வெளியே வந்த பிறகுதான் உறைத்தது.

இம்முறை விக்ராந்த் என்ற நம் விமானந்தாங்கிப் போர்க்கப்பலை மட்டும் பிடித்துக்கொண்டேன். ரஷ்யாவிலிருந்து எதிர்பார்த்த கப்பல் எஃகு கிடைக்காமல் போகவே, ஐதராபாத்தின் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகமும் அரசு எஃகு நிறுவனமான செயிலும் சேர்ந்து, கடுங்குளிரிலும் நொறுங்காத டிஎம்ஆர் 249ஏ வகையை உருவாக்கின. அவ்வகைச் சிறப்பு எஃகில் செயில் வழங்கிய சுமார் 30,000 டன்னால் எழுந்த கப்பல் 2022 செப்டம்பர் 2 அன்று கடற்படையில் சேர்ந்தது.

உடனே எதிர்க்கேள்வி: தம் நாட்டு இராணுவத்தின் எஃகுத் தேவை அந்நாட்டு உற்பத்தியில் சுமார் 3 விழுக்காடே என்று 2018இல் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சரே எழுதினாரே? அந்த 3 விழுக்காட்டுக்காக மட்டும் இரும்பு உருக்கும் ஊதுலையை எரியவிட முடியாது, மற்ற விற்பனைதான் உலையையும் தொழில் தெரிந்த கைகளையும் காக்கிறது என்றேன். அந்த விற்பனை போதாத இடத்தில் அரசே இறங்க வேண்டியிருக்கும்; அணு நீர்மூழ்கிகளுக்கான எஃகுப் பாகங்களைச் செய்யும் ஷெஃபீல்ட் ஃபோர்ஜ்மாஸ்டர்ஸை 2021இல் பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகம் வாங்கியதைச் சான்றாகச் சொன்னேன்.

நான் செய்தவை:
- ஒரே ஒரு தகட்டை உலையிலிருந்து கப்பல்தளம் வரை பின்தொடர்ந்து ஒரு பக்கம் எழுதினேன். மற்றதெல்லாம் இதற்குப் பின்னால்தான்.
- ஊதுலைக்கு வேண்டிய கோக்கிங் நிலக்கரியில் பெரும்பகுதி இறக்குமதி என்ற பலவீனத்தை அவர்கள் கேட்கும் முன் நானே சொன்னேன்.
- மாதிரி நேர்காணல் இரண்டோடு நிறுத்தினேன். எனக்குக் கூட்டம் ஆகாது. பேசிப் பேசியே தெளிபவர்கள் இதைப் பின்பற்ற வேண்டாம்.
- அத்தகட்டைப் பற்றவைக்கும் முறையைக் கேட்டபோது தெரியாது என்றேன். தலைவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.